மாத்திரை போட்டால் விசுவாசம் இல்லை என்று அர்த்தமா?

கேள்வி:

எனக்கு வயது 27. ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் சுந்தரபாண்டியம் எங்கள் ஊர். அப்பா கைத்தறி நெசவாளி. நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அம்மா இயேசுவை ஏற்றுக்கொண்டார்கள். பிறகு நானும் தம்பியும் ஞானஸ்நானம் எடுத்தோம். அப்பா எடுக்கவில்லை, எங்களைத் தடுத்ததும் இல்லை.

கிருஷ்ணன்கோவிலில் இன்ஜினீயரிங் முடித்துவிட்டு பெங்களூரில் ஐ.டி. வேலையில் இருந்தேன். பெரும்பாலும் நைட் ஷிப்ட். போன வருடம் முதலில் தூக்கம் போனது, அப்புறம் பசி போனது. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தபடியே காரணம் இல்லாமல் அழுவேன். குளிக்க எழுந்திருப்பதே பெரிய வேலையாகிவிட்டது. வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்துவிட்டேன். தம்பிதான் ராஜபாளையத்தில் ஒரு மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனான். டிப்ரஷன் என்று சொல்லி மாத்திரை கொடுத்தார். இரண்டு மாதத்தில் ஓரளவு தேறினேன்.

அம்மா போகிற ஜெபக்கூட்டத்தில் பாஸ்டர், "இது வியாதியே இல்லை, பிசாசின் கட்டு. மாத்திரையை நம்புகிறவரைக்கும் கர்த்தர் கிரியை செய்யமாட்டார்" என்று சொல்லிவிட்டார். அம்மா மாத்திரை அட்டைகளை எடுத்து ஒளித்துவைத்துவிட்டார்கள். மூன்று நாள் உபவாச ஜெபம் நடந்தது. எனக்குத் தலை சுற்றியது, தலைக்குள் கரண்ட் அடிப்பதுபோல இருந்தது. பிசாசு போகும்போது அப்படித்தான் ஆட்டிவிட்டுப் போகும் என்றார்கள். அடுத்த மாதமே பழைய நிலைக்கு வந்துவிட்டேன். இப்போது தம்பி வாங்கித் தருகிற மாத்திரையைப் பழைய காலேஜ் பைக்குள் வைத்து, அம்மாவுக்குத் தெரியாமல் போடுகிறேன்.

அப்பா வழிச் சொந்தக்காரர்களோ, "குலதெய்வத்தை விட்டீர்கள், அதான் பிள்ளைக்கு இப்படி ஆச்சு" என்கிறார்கள்.

கோயிலில் எல்லாரும் பாடும்போது எனக்கு வாய் திறக்கவில்லை. ஜெபிக்க முழங்கால் போட்டால் வார்த்தை வரவில்லை. சில நாள் விடியற்காலையில், இன்றைக்குக் கண் விழிக்காமலே இருந்திருக்கலாமே என்று தோன்றுகிறது. அப்பா எதுவும் கேட்கமாட்டார்கள். ராத்திரி தறியை நிறுத்தியதும் என் அறை வாசலில் வந்து கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போவார்கள்.

சிவகாசிப் பக்கம் ஒரு வரன் வந்திருக்கிறது. மாத்திரை விஷயத்தை அவர்களிடம் மூச்சு விடக்கூடாது என்கிறார்கள் அம்மா. மாத்திரை போடுவது விசுவாசக் குறைவா? எனக்கு விசுவாசமே இல்லையா, ஐயா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சுந்தரபாண்டியம்

பதில்:

மகளே, விடியற்காலையில் வரும் எண்ணத்தை ஒரே வரியில் எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டாய். நான் அந்த வரியிலிருந்துதான் தொடங்கவேண்டும்.

காய்ச்சலில் உடம்பு சுடுவதுபோல, மனச்சோர்வில் சாவைப் பற்றிய எண்ணம் வரும். விடியும் நேரத்தில் அது கூடுதலாக இருப்பதும் பலருக்கு நடப்பதுதான். அதற்காக வெட்கப்படாதே, பாவம் செய்துவிட்டோம் என்று பயப்படவும் வேண்டாம். ஆனால் அதைத் தனியாக வைத்துக்கொள்ளக் கூடாது. இன்றைக்கே தம்பியிடம் சொல். இந்த வாரமே மருத்துவரைப் பார்த்து, எனக்கு எழுதிய அதே வார்த்தைகளில் அவரிடமும் சொல். 'எப்படிச் சாகலாம்' என்று யோசிக்கிற பக்கம் அந்த எண்ணம் திரும்பினால், எந்த நேரமாக இருந்தாலும் அப்பாவை எழுப்பு. 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் என்ற அரசு சேவை இருக்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கினார்கள். காசு கிடையாது, இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். தமிழ்நாடு அரசின் 104-லும் பேசலாம். வெளியே சொன்னால் போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்ற பயம் நம் ஊர்களில் இன்னும் போகவில்லை. தற்கொலைக்கு முயன்றவரைக்கூட, கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே கருதிச் சிகிச்சையும் மறுவாழ்வும் கொடுக்கவேண்டும் என்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. எண்ணம் வருகிறது என்று சொல்வதற்கு எந்தச் சட்டத்திலும் தண்டனை இல்லை.

தலைக்குள் கரண்ட் அடித்ததைப் பிசாசு வெளியேறுகிற அடையாளம் என்று உன்னிடம் சொன்னதைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. மனச்சோர்வுக்குக் கொடுக்கிற மாத்திரைகள் பலவற்றைத் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், மின்சாரம் பாய்வதுபோன்ற உணர்வு, எரிச்சல், கெட்ட கனவு எல்லாம் வரும். எந்த மனநல மருத்துவரைக் கேட்டாலும் சொல்வார். இந்த மாத்திரைகள் தலைவலி மாத்திரைபோல அன்றைக்கே வேலை செய்வதில்லை. பலன் தெரிய இரண்டு முதல் ஆறு வாரம்வரை பிடிக்கும். நன்றாகத் தேறிய பிறகும் ஆறு மாதத்துக்குக் குறையாமல் தொடரச் சொல்வார்கள். நிறுத்துகிறபோதும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத்தான் நிறுத்தவேண்டும். நடுவில் நிறுத்தியதையும், பிறகு நீயாகவே தொடங்கியதையும் மருத்துவரிடம் சொன்னாயா? சொல்லவில்லை என்றால் ஒளிக்காமல் சொல்லிவிடு. அளவை அவர்தான் முடிவு செய்யவேண்டும். தைராய்டு, ரத்தசோகை, பி12 பரிசோதனைகள் செய்யவேண்டுமா என்றும் கேள். அவற்றில் கோளாறு இருந்தாலும் ஆளை இப்படித்தான் சாய்த்துவிடும். செலவு கையைக் கடித்தால், மாவட்ட மனநலத் திட்டத்து மருத்துவர் உங்கள் பக்கத்து அரசு மருத்துவமனைக்கு எந்த நாளில் வருகிறார் என்று விசாரித்துக்கொள்.

இனி நீ கேட்ட கேள்வி. மாத்திரை போடுவது விசுவாசக் குறைவு இல்லை. அம்மா கையில் வைத்திருக்கும் அதே வேதப்புத்தகத்திலிருந்தே இதைச் சொல்கிறேன்.

எசேக்கியா ராஜா சாகக் கிடந்தார். சுவர் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுது ஜெபித்தார். ஜெபம் கேட்கப்பட்டது, இன்னும் 15 வருடம் ஆயுசு உண்டு என்று ஏசாயா வந்து சொன்னார். சொன்ன கையோடு அத்திப்பழ அடை கொண்டுவரச் சொல்லி ராஜாவின் பிளவைமேல் பத்துப் போடவைத்தார். சுகமாக்குவேன் என்று கர்த்தரே வாக்குக் கொடுத்த பிறகு போட்ட பத்து அது. அதனால் வாக்கு ரத்தாகிவிடவில்லை. பவுல் பிள்ளைபோல நேசித்த தீமோத்தேயுவுக்கு அடிக்கடி வயிற்றுக் கோளாறு. கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள் என்றுதான் அவனுக்கு எழுதினார். துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதியோடு விட்டுவந்ததாகவும் அவரே எழுதுகிறார். அவர் கூடவே நடந்த லூக்கா ஒரு வைத்தியர். இயேசுவிடம் கொண்டுவரப்பட்டவர்களைச் சொல்லும் மத்தேயு, பிசாசு பிடித்தவர்கள் வேறு, சந்திரரோகிகள் வேறு, திமிர்வாதக்காரர் வேறு என்று பிரித்தே எழுதியிருக்கிறார். எல்லா வியாதியையும் பிசாசின் கணக்கில் எழுதுகிறவர்கள் நான்காம் அதிகாரத்தை இன்னொரு முறை வாசிக்கட்டும்.

உங்கள் வட்டாரத்திலேயே ஒரு சாட்சி உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூரும் சாத்தூரும் திருநெல்வேலி ஜில்லாவோடு இருந்த காலம். கேம்பிரிட்ஜ் கல்லூரி ஒன்றில் ஃபெல்லோவாக இருந்த தாமஸ் ராக்லண்ட் அந்தப் படிப்பையும் பதவியையும் விட்டு வந்து, 1854 முதல் வட திருநெல்வேலிக் கிராமங்களில் கூடாரம் போட்டுத் தங்கி, ஊர் ஊராகச் சுவிசேஷம் சொன்னார். அந்த அலைச்சல் நுரையீரல் நோயோடுதான். 1858 அக்டோபர் 22-ஆம் தேதி சிவகாசியில் ரத்தம் கக்கி இறந்தார். நோய் இருந்தால் விசுவாசம் இல்லை என்று ஆகுமானால், உங்கள் பக்கத்து ஊர்களுக்கு இயேசுவின் பெயரைக் கொண்டுவந்தவரையும் விசுவாசம் இல்லாதவர் என்றுதான் சொல்லவேண்டியிருக்கும். அப்படிச் சொல்ல அந்த ஜெபக்கூட்டத்தில் யாருக்காவது துணிவு உண்டா?

தமிழரிடம் இந்த விசுவாசம் மருந்துப் பெட்டியோடு சேர்ந்தே வந்தது. 1819-இல் இலங்கைக்கு வந்து யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் மருத்துவம் பார்த்தார் ஜான் ஸ்கடர். மானிப்பாயில் சாமுவேல் கிறீன், உடற்கூறும் அறுவை சிகிச்சையும் தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழிலேயே கற்பித்து, பாட நூல்களையும் தமிழில் கொண்டுவந்தார். ஸ்கடரின் பேத்தி ஐடா திண்டிவனத்தில் பெற்றோரோடு இருந்தபோது, ஒரே இரவில் மூன்று வீட்டு ஆண்கள் பிரசவ வேதனையில் இருந்த மனைவிகளுக்காக வந்து கதவைத் தட்டினார்கள். ஆண் மருத்துவரை வீட்டுக்குள் விடமாட்டார்கள். ஐடாவுக்கோ மருத்துவம் தெரியாது. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அந்த இரவில் ஐடா ஜெபித்தார். ஜெபித்து எழுந்தவர் அமெரிக்கா போய் மருத்துவம் படித்து, 1900-இல் திரும்பி வந்தார். அவர் உண்டாக்கிய வேலூர் சி.எம்.சி.யின் மனநல மையம் 1957-இல் பாகாயத்தில் தொடங்கியது. தொடங்கியவர் புளோரன்ஸ் நிக்கல்ஸ் என்ற மருத்துவர், மிஷனரியாக வந்தவர். மனநோயாளி என்றால் மதில் சுவருக்குள் தள்ளிப் பூட்டிவிடுவதே வழக்கமாக இருந்த காலத்தில், அங்கே நோயாளியோடு வீட்டு ஆள் ஒருவர் கூடவே தங்கினார். சிகிச்சையில் குடும்பத்துக்கும் பங்கு உண்டு என்பது அந்த ஏற்பாடு. உன் விஷயத்தில் நான் நினைப்பதும் அதுதான். இதுவரை உன் குடும்பம் உன் நோயோடு போராடியதில்லை, மாத்திரையோடுதான் போராடியது. அதை மாற்றவேண்டும்.

டிப்ரஷன் பற்றி வேதத்தில் எங்கே இருக்கிறது என்று வாலிபர்கள் என்னிடம் கேட்பார்கள். முதலாம் இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தைத் திறக்கச் சொல்வேன். நீயும் திற, நிதானமாக வாசி.

எலியா அதற்கு முந்தின அதிகாரத்தில்தான் கர்மேல் மலைமேல் வானத்திலிருந்து அக்கினியை வரவழைத்தார். விசுவாசத்துக்கு அதைவிடப் பெரிய உதாரணம் தேடவேண்டியதில்லை. அடுத்த அதிகாரத்தில் ராணி யேசபேல் ஒரு மிரட்டல் அனுப்பியதும் உயிருக்குப் பயந்து ஓடுகிறார். பெயெர்செபாவில் தன் வேலைக்காரனையும் விட்டுவிட்டுத் தனியாகப் போகிறார். இதைக் கவனி, மனச்சோர்வு வந்தவர்கள் பலர் செய்வது இதுதான், கூட இருக்கிறவர்களை விலக்குவது. வனாந்தரத்தில் ஒரு நாள் நடந்து, ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும், சாகவேண்டும் என்று கேட்கிறார். அப்படியே படுத்துத் தூங்கிவிடுகிறார். நீ விடியற்காலையில் நினைத்ததை அவர் வாய்விட்டே கேட்டுவிட்டார்.

தேவதூதன் வந்து என்ன செய்தான்? தொட்டு எழுப்பினான். பக்கத்தில் தழலில் சுட்ட அடையும், ஒரு பாத்திரம் தண்ணீரும் இருந்தன. எழுந்து சாப்பிடு என்றான். விசுவாசம் எங்கே போயிற்று என்று கேட்கவில்லை, எதையும் துரத்தவில்லை, வசனம் சொல்லவில்லை. எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடி படுத்துக்கொண்டார். அதற்காகவும் திட்டவில்லை, தூங்கவிட்டான். இரண்டாம் தரம் எழுப்பியபோது, போகவேண்டிய தூரம் உன் சக்திக்கு மிஞ்சியது என்று அவர் நிலையைப் புரிந்துகொண்டு பேசினான். சோர்ந்துபோன தீர்க்கதரிசிக்குக் கர்த்தர் முதலில் கொடுத்தவை தூக்கமும் சாப்பாடும். பசியே இல்லாமல் இளைத்துக் கிடந்த உன்னை மூன்று நாள் உபவாசத்தில் உட்காரவைத்தவர்கள் இந்தப் பகுதியை எப்படி வாசித்தார்களோ, எனக்குத் தெரியவில்லை.

அதே அதிகாரத்தில் இன்னொன்றும் இருக்கிறது. பிரசங்கங்களில் அதைச் சொல்லி நான் அதிகம் கேட்டதில்லை. எலியா போய்ச் சேர்ந்த ஓரேப் மலையில் காற்றும் பூமியதிர்ச்சியும் அக்கினியும் கடந்துபோய், மெல்லிய சத்தம் கேட்கிறது. அதற்கு முன் எலியா ஒரு புலம்பல் சொல்கிறார். அதற்குப் பின்பும் அதே புலம்பலைச் சொல்கிறார், ஒரு சொல்கூட மாறாமல். கர்த்தரின் சத்தத்தை நேரில் கேட்டும் அந்தச் சோர்வு அந்த நிமிடத்தில் போகவில்லை. கர்த்தர் அவரைத் தள்ளிவிடவும் இல்லை. செய்ய முடிந்த அளவுக்கு ஒரு வேலை கொடுத்தார், கூடவே நடக்க எலிசாவைக் கொடுத்தார், இன்னும் ஏழாயிரம் பேர் இருக்கிறார்கள், நீ தனி ஆள் இல்லை என்று சொன்னார். நல்ல கூட்டத்துக்குப் போய்வந்தும் உனக்கு மனம் மாறவில்லை என்றால் உன்னிடம் குற்றம் இருப்பதாக நினைக்காதே.

ஒரு பக்கம் பிசாசு, மறுபக்கம் குலதெய்வம் என்று உன்னை இழுக்கிறார்களே, அதற்கு வருகிறேன். அப்பா வழிச் சொந்தங்களோடு வாக்குவாதம் வேண்டாம். குலதெய்வம் அவர்களுக்குப் பாட்டன் பூட்டன் வழிவந்த உறவு. சொந்தமெல்லாம் கூடிப் பொங்கல் வைக்கிற இடம். அங்கே நீங்கள் வராமல் போனதில் அவர்களுக்கு உண்மையான வருத்தம் இருக்கிறது, அந்த வருத்தம்தான் இப்படிப் பேசவைக்கிறது. அவர்கள் வீட்டு நல்லது கெட்டதுக்கு முதல் ஆளாகப் போய் நில். ஆனால் இரண்டு தரப்பும் அடிப்படையில் ஒன்றைத்தான் சொல்கிறது: யாரோ தப்புச் செய்தார்கள், அதற்குத் தண்டனை இந்தப் பிள்ளை. இதைக் கிறிஸ்தவ வார்த்தைகளில் சொன்னாலும் அது கிறிஸ்துவின் பேச்சு ஆகாது. பிறவிக் குருடனைக் காட்டி, பாவம் செய்தது இவனா, இவனைப் பெற்றவர்களா என்று சீஷர்களே கேட்டார்கள். இரண்டு பேரும் இல்லை என்று இயேசு பட்டென்று சொன்னார். அப்புறம் அவன் கண்ணைக் கவனித்தார். யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை நல்ல சிநேகிதர்கள். வாயைத் திறந்து, உன் பாவம்தான் காரணம் என்று விளக்கத் தொடங்கியதும் கெட்டது. புஸ்தகத்தின் முடிவில் கர்த்தர் கோபப்பட்டது யோபுமேல் இல்லை, அந்த விளக்கக்காரர்கள்மேல். முன்னோர் சாபம், வம்சக் கட்டு என்று யாராவது உன்னிடம் பேசினால் எசேக்கியேல் 18-ஆம் அதிகாரத்தைக் காட்டு.

பாட வாய் திறக்கவில்லை, ஜெபிக்க வார்த்தை வரவில்லை என்கிறாய். விசுவாசமே இல்லையா என்று உன்னைக் கேட்கவைத்தது இதுதான் என்று நினைக்கிறேன். 88-ஆம் சங்கீதத்தைப் படித்துப் பார். மற்றப் புலம்பல் சங்கீதங்களில் பெரும்பாலும் எங்காவது ஒரு திருப்பம், ஒரு நன்றி வரும். இதில் வரவே வராது, இருட்டிலேயே முடிகிறது. அப்படி ஒரு ஜெபத்தையும் தேவஜனம் கிழித்துப் போடாமல் ஜெபப் புஸ்தகத்துக்குள் வைத்திருக்கிறது. இருட்டைச் சொல்லி முடிப்பதும் ஜெபம்தான். உனக்கு அதுகூட முடியவில்லையா, பரவாயில்லை. மாற்கு இரண்டாம் அதிகாரத்துத் திமிர்வாதக்காரன் ஒரு வார்த்தையும் பேசியதாக எழுதப்படவில்லை. நாலு பேர் கூரையைப் பிரித்து அவனைக் கட்டிலோடு இறக்கினார்கள். இயேசு பார்த்தது தூக்கி வந்தவர்களின் விசுவாசத்தை. அவனிடம் எவ்வளவு விசுவாசம் இருந்தது என்று யாரும் அளந்து பார்க்கவில்லை. கோயிலில் நீ மௌனமாக உட்கார்ந்திருக்கும்போது பக்கத்து வரிசை உனக்காகப் பாடுகிறது. சபை என்று ஒன்று இருப்பதே அதற்காகத்தான். மற்றவர்கள் பாட்டு நடுவில் கொஞ்ச நாள் இளைப்பாறிக்கொள், மகளே.

வில்லியம் கூப்பர் என்ற ஆங்கிலக் கவிஞர் எழுதிய ஞானப்பாட்டுகளை இன்றைக்கும் உலகெங்கும் பாடுகிறார்கள். அவர் பல தடவை உயிரை விட முயன்றவர். 1773-இல் நோய் முற்றியபோது, ஓல்னி ஊர்ப் போதகர் ஜான் நியூட்டன் அவரைத் தன் வீட்டிலேயே ஒரு வருடத்துக்குமேல் வைத்துப் பார்த்துக்கொண்டார். தேவன் தன்னைக் கைவிட்டுவிட்டார் என்ற எண்ணம் கூப்பரை 1800-இல் சாகும்வரை விடவில்லை. அவர் எழுதிய பாட்டோ எத்தனையோ பேரைத் தாங்கியிருக்கிறது. அன்னை தெரசாவின் கடிதங்கள் 2007-இல் புத்தகமாக வந்தபோது, பல பத்தாண்டுகள் ஜெபத்தில் ஆறுதல் என்பதே கிடைக்காமல் அவர் வேலை செய்தார் என்று உலகத்துக்குத் தெரிந்தது. உணர்ச்சி வற்றிப்போவதும் விசுவாசம் போய்விடுவதும் ஒன்றல்ல. எனக்கு விசுவாசமே இல்லையா என்று கலங்கி, யாரோ ஒரு ஐயாவுக்கு இத்தனை பக்கம் எழுதுகிறாயே, விசுவாசம் இல்லாதவள் அதற்கெல்லாம் கலங்கமாட்டாள்.

பெங்களூர் வேலையைப் பற்றி இரண்டே வரி எழுதியிருக்கிறாய், நானும் சுருக்கமாகச் சொல்கிறேன். இரவைப் பகலாக்கி, ரேட்டிங்கை வைத்து மனுஷனை எடைபோடுகிற வேலை பலரைச் சாய்த்திருக்கிறது. ஓய்வுநாள் கட்டளையை உபாகமம் ஐந்தாம் அதிகாரத்தில் வாசித்தால், எகிப்தில் அடிமையாக இருந்ததை நினைத்துக்கொள், உன் வேலைக்காரனும் உன்னைப்போல இளைப்பாறட்டும் என்ற காரணம் அதில் இருக்கும். ஓய்வு என்பது சோம்பேறித்தனத்துக்குக் கொடுத்த சலுகை இல்லை. நீ யாருக்கும் அடிமை இல்லை என்பதற்கு அடையாளம். மறுபடி வேலைக்குப் போவாய். இரவில் தூங்கவிடுகிற வேலையாகப் பார்த்துக்கொள். அதுவரை காலை வெயிலில் கொஞ்சம் நட. சாயங்காலம் அப்பாவுக்குத் தார் சுற்றிக் கொடு. கை ஏதாவது ஒன்றைச் செய்துகொண்டிருப்பது இந்த நோய்க்கு நல்லது என்று மருத்துவரும் சொல்வார்.

அம்மாவிடம் ஒளிப்பதை நிறுத்தவேண்டும். அவர்கள் உனக்குக் கெடுதல் நினைத்துச் செய்யவில்லை. பெற்ற பிள்ளை கண்முன்னால் வாடும்போது, எட்டிய இடத்திலெல்லாம் உதவி தேடினார்கள். கெட்ட ஆலோசனை கிடைத்தது. அடுத்த முறை ராஜபாளையம் போகும்போது அம்மாவையும் அப்பாவையும் கூட்டிக்கொண்டு போ. "இது என்ன வியாதி, ஏன் மாத்திரை, எத்தனை நாள்" என்று மருத்துவர் வாயாலேயே அம்மா கேட்கட்டும். வீட்டுக்கு வந்ததும் மாத்திரையை அந்தப் பையிலிருந்து எடுத்து எல்லார் கண்ணிலும் படுகிற இடத்தில் வை. ராத்திரி மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "அம்மா, இதுக்கும் ஒரு ஜெபம் பண்ணுங்கள்" என்று சொல். சோற்றுக்கு முன்னால் ஜெபிக்கிற வீட்டில் மாத்திரைக்கு முன்னால் ஜெபிப்பதில் புதுமை ஒன்றும் இல்லை. ஜெப எண்ணெய் பூச வேண்டும் என்றால் பூசிக்கொள். யாக்கோபு நிருபத்தில் அது இருக்கிறது. எண்ணெயும் மாத்திரையும் ஒரே நெற்றிக்கும் ஒரே வாய்க்கும் போகட்டும்.

அந்த ஜெபக்கூட்டத்துக்கு அம்மாவைப் போகவேண்டாம் என்று சொல்லாதே. நீ மட்டும் போகாதே. உன் பெயரைச் சொல்லி மைக்கில் ஜெபிப்பதற்கும், தேறியதும் உன்னை மேடையேற்றிச் சாட்சி சொல்லவைப்பதற்கும் சம்மதிக்கவேண்டாம். வியாதியும் சுகமும் உன்னுடையவை. எப்போது, யாரிடம் சொல்வது என்று நீதான் தீர்மானிக்கவேண்டும். உன்னை அவசரப்படுத்தாத, கேள்வி கேட்டுக் குடையாத ஒரு சபையையும், காது கொடுத்துக் கேட்கிற ஒரு போதகரையோ அவர் மனைவியையோ தேடிக்கொள். ஸ்ரீவில்லிபுத்தூரிலோ ராஜபாளையத்திலோ அப்படி ஒருவர் கிடைக்காமல் போகமாட்டார். அப்பாவைப் பற்றி ஒன்று. ஞானஸ்நானம் எடுக்காத அந்த மனுஷர், தூதன் எலியாவுக்குச் செய்ததில் பாதியைத் தினமும் உன் வாசலில் வந்து செய்துகொண்டிருக்கிறார். கேட்கத் தெரியாமல் நிற்கிறார். "உள்ளே வாங்கப்பா, உட்காருங்க" என்று நீ சொன்னால் போதும்.

வரன் விஷயத்தில் அம்மா சொல்வதை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். முதலில், இப்போது அவசரமே இல்லை. நன்றாகத் தேறி, மருத்துவர் சரி என்று சொல்லட்டும். கல்யாணம் பண்ணினால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஊரில் சொல்வார்கள்; இந்த நோய்க்குக் கல்யாணம் மருந்து இல்லை. பேச்சு முன்னேறினால், பையனிடம் நீயே நேராகச் சொல். நிச்சயத்துக்கு முன்னால், கோயிலில் முதல் ஓலை வாசிப்பதற்கு வெகு முன்னால் சொல். நகை, சீர் எல்லாம் பேசி முடித்த பிறகு சொன்னால் அது ஏமாற்றியதுபோல ஆகிவிடும். சொல்லாமலே கழுத்தை நீட்டினால், புது வீட்டில் மறுபடி ஒரு பைக்குள் ஒளித்துவைத்து மாத்திரை போடவேண்டியிருக்கும். பயத்தில் நிறுத்திவிடுவாய், நோய் திரும்பும். அந்தக் கஷ்டத்தை ஏற்கெனவே அனுபவித்துவிட்டாய்.

சொல்லும்போது மன்னிப்புக் கேட்கிற தொனியில் சொல்லாதே. "எனக்கு டிப்ரஷன் வந்தது, சிகிச்சையில் இருக்கிறேன், இப்போது இப்படி இருக்கிறேன், மருத்துவர் இவ்வளவு நாள் தொடரச் சொல்லியிருக்கிறார்" என்று சர்க்கரை, தைராய்டைப் பற்றிச் சொல்வதுபோலச் சொல். கேட்டுவிட்டு அவர் விலகினால் வலிக்கும். அன்றைக்குத் தம்பியைப் பக்கத்தில் வைத்துக்கொள். கேட்டுவிட்டு, மருத்துவரைப் பார்த்துப் பேசலாமா என்று அவர் கேட்டால் நல்ல அடையாளம்; நீயும் கூட இருக்க, உன் சம்மதத்தோடு பேசட்டும். சிகிச்சை ஃபைலை மட்டும் யார் கையிலும் கொடுத்து அனுப்பாதே. கல்யாணத்துக்குப் பிறகு குழந்தை பற்றி யோசிக்கும்போது, கர்ப்பம் தரிப்பதற்கு முன்பே மனநல மருத்துவரிடமும் மகப்பேறு மருத்துவரிடமும் சொல்லிவிடுங்கள். எந்த மாத்திரையை மாற்றவேண்டும், எதைத் தொடரலாம் என்று அவர்கள் பார்த்துச் சொல்வார்கள். மாமியார் சொன்னார், அம்மா சொன்னார்கள் என்று நீயாக நிறுத்திவிடாதே.